கலந்துபோன பதினொரு குட்டிகள்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நான் இருந்த அறைக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகக் காலையில் இரண்டு மணித்தியாலம் பாம்புப் பெட்டிகளைத் துப்புரவாக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரிச்சில் கோப்பை கழுவியிருக்கிறேன், பாரிஸில் பெயின்ட் அடித்திருக்கிறேன், ஒரு பனிக்காலம் மிலானில் வான் வண்டிக்குள் படுத்திருக்கிறேன். பாம்பு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஜெர்மனியில் ஃபிரிட்ஜ் திருத்திக்கொண்டிருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பின்வளவில் ஒரு மரக்கொட்டில். உள்ளே சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகளில் பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிக்கு ஒன்றாக மலைப்பாம்பு. தீனி எலி. ஆபிரிக்கச் சின்ன இனம். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். அண்ணையின் மனைவியை அக்கா என்பேன்; அவர் அந்தக் கொட்டிலுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

இயல்பான நிறம் கறுப்பும் மண்ணிறமும். அண்ணையிடம் வேறு நிறங்களும் இருந்தன. ஒரு ஆண் பாம்பு வெள்ளையும் மஞ்சளும், கண் சிவப்பு. கறுப்பு நிறத்தை உண்டாக்க அதன் உடம்புக்குத் தெரியாது. இன்னொரு ஆண், பாதி உடம்பு மண்ணிறம், மீதி வெறும் வெள்ளை. யாரோ பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனதுபோல. இந்த நிறங்கள் வெளியே தெரிய, தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று இரண்டு பங்கு வேண்டும். ஒரு பங்கு மட்டும் கிடைத்த குட்டி பார்வைக்குச் சாதாரண மண்ணிறம். நிறம் உள்ளே ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட குட்டியை 'சுமக்கிறது' என்பார் அண்ணை. எது எதைச் சுமக்கிறது என்பதற்கு அவர் பெட்டி மூடியில் எழுதி ஒட்டிய துண்டுதான் ஒரே சாட்சி.

அந்தக் கோடையில் இரண்டு மண்ணிறத் தாய்களின் முட்டைகள் ஒரே கிழமையில் பொரித்தன. வெள்ளைத் தகப்பனுக்கு ஆறு குட்டி, பாதி வெள்ளைக்கு ஐந்து. பதினொன்றும் மண்ணிறம். முதல் தோல் கழற்றும்வரை இரண்டு பெட்டிகளில் வைத்திருந்தோம்.

கோயிலில் கொடியேற இருந்தது. அந்த வீட்டில் அதற்கு முன் எல்லாம் கழுவப்பட வேண்டும். மீன், இறைச்சி காய்ச்சும் மச்சச் சட்டிகள் மேலே ஏறிவிடும், திரைச்சீலைகள்கூடத் தோய்க்கப்படும். அந்த முறை அக்கா குசினி வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, அந்தக் கொட்டிலையும் கழுவிவிடும். எலி நாத்தத்தோட நான் விரதம் பிடிக்கேலாது."

கழுவினேன். குட்டிகளின் இரண்டு பெட்டிகளையும் கழுவ வேண்டியிருந்ததால் பதினொன்றையும் ஒரே வாளியில் போட்டு மூடினேன். போடும்போது எனக்கு உறைக்கவில்லை. திருப்பி எடுக்க மூடியைத் திறந்தபோதுதான் உறைத்தது. ஒரே முடிச்சாகக் கிடந்தன. ஆறை ஒரு பெட்டியிலும் ஐந்தை மற்றதிலும் போட்டேன். எண்ணிக்கை மட்டும் சரி.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அறை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்கிலிருந்து ஒரு பஸ் டிரைவர் வர இருந்தார். அவரிடம் வெள்ளை ஆண் ஒன்று இருந்தது. அதற்குச் சோடியாக, வெள்ளையைச் சுமக்கும் பெண் குட்டி வேண்டும். அது வளர்ந்து முட்டை போட மூன்று வருடம் செல்லும். பிழையான குட்டியைக் கொடுத்தால் அந்த மூன்று வருடமும் வீண். அந்தக் கணக்குத்தான் என்னைப் படுக்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அண்ணையிடம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. ஒவ்வொரு குட்டியாகப் புரட்டி வயிற்றில் டோர்ச் அடித்துப் பார்த்தார். பாதி வெள்ளையைச் சுமப்பவற்றுக்கு வாலடியில் இரண்டு கறுத்த கோடு இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். சிலவற்றுக்கு இருந்தது, சிலவற்றுக்கு இருந்த மாதிரி இருந்தது.

"படம் எடுத்து வைச்சிருக்கலாம்," என்றார். பிறகு, "ஒருத்தருக்கும் தெரியப்போறேல்லை. மூண்டு வருசத்தில ஆர் எங்க இருக்கிறமோ."

யன்னலுக்கு அப்பால் அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "கோயில்ல கொடி ஏறியிருக்கு," என்றார். "பொய் சொல்லி வித்துப்போட்டுத் தேருக்கு வாறதெண்டால் நீங்கள் தனிய வாங்கோ."

"நீர்தானே கழுவச் சொன்னனீர்," என்றார் அண்ணை.

"கழுவத்தான் சொன்னனான். கலக்கச் சொன்னனானோ?"

அண்ணை டோர்ச்சை அணைத்தார்.

ஞாயிறு பஸ் டிரைவர் துணிப்பையோடு வந்தார். குட்டிகளைப் பார்க்கவிடாமல், வாசலிலேயே அண்ணை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கலந்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. நான் பின்னால்தான் நின்றேன்.

"அண்ணை, இதை ஃபோனில சொல்லியிருக்கலாம். ரெண்டு ட்ரெயின் மாறி வந்தனான்."

"ஓம், சொல்லியிருக்கலாம்."

"அப்ப பாதிக்குப் பாதியோ?"

"பாதிக்குக் கொஞ்சம் கூட. ஆறு, அஞ்சு."

"லொத்தர் டிக்கெட் எடுக்க வேணுமெண்டால் நான் சந்திக் கடையில எடுப்பன்," என்று அவர் சிரித்தார். தேத்தண்ணி குடித்தார், வடை சாப்பிட்டார், வெறும் பையோடு போய்விட்டார். பிறகு அவர் ஃபோன் எடுக்கவேயில்லை. பதினொன்றும் சாதாரணக் குட்டிகள் என்று ஒரு செல்லப்பிராணிக் கடைக்குப் போயின.

என்னை அண்ணை போகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை நான் எழும்பிப் போனபோது பாதிப் பெட்டிகள் ஏற்கெனவே கழுவப்பட்டிருந்தன. அதற்கடுத்த நாள் எல்லாப் பெட்டிகளும். "நீர் படுத்திரும் தம்பி, நான் பாக்கிறன்," என்றார். உண்மையில் அன்பாகத்தான் சொன்னார். வேலை இல்லாமல் அறையில் எத்தனை நாள் இருக்கலாம்? ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் காய்கறி இறக்கும் வேலை கிடைத்தது, மேலே படுக்க இடமும் இருந்தது. தேர் முடிந்த கிழமை போய்விட்டேன்.

புறப்படும்போது சொல்லிக்கொள்ளக் கொட்டிலுக்குப் போனேன். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் அந்தப் பாம்பின் படம் ஒட்டியிருந்தது. அண்ணை கதிரையில் ஏறி நின்று, மேல் தட்டுக்காகச் செலோடேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். வாயில் டேப் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.