மிஸ் என்றொரு பெயர்

எலைஜா ஹார்டிமன் அமெரிக்காவில், அலபாமாவின் பருத்திக்காட்டில் பிறந்த தன் மகளுக்கு 'மிஸ்' என்று பெயர் வைத்தார். கறுப்பினப் பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் வெள்ளைக்காரர் வாயில் வெறும் பெயர்தான். மிஸ், மிஸஸ் எல்லாம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும். "பேரைச் சொன்னாலே மரியாதையும் சேர்ந்து வரட்டும்" என்றார் எலைஜா.

வெள்ளைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? 'ஏ பொண்ணு' என்றே கூப்பிட்டார்கள். அவர்கள் துணியை வெளுத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டே மிஸ்ஸுக்குத் தலை நரைத்தது. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது தேவாலயத்து ஜனங்களும் கணவர் ரூஃபஸ் கிரைம்ஸும்தான். "கட்டிக்கிட்ட பிறகும் மிஸ்ஸுதான்னா, அப்ப நான் யாருடி?" என்று அவர் சீண்டுவார்.

1965-இல் கறுப்பர்கள் ஓட்டுரிமையைத் தடுக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்ததும், வாக்காளர் பதிவுக்குக் கோர்ட்டில் வரிசை நின்றது. மிஸ்ஸின் முறை வந்தது.

"பேரு?"

"மிஸ் கிரைம்ஸ்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்ஸெல்லாம் உனக்குக் கிடையாது. பேரைச் சொல்லு."

"அதுதாங்க பேரு. அப்பா வெச்சது."

"உங்கப்பனுக்குத் திமிரு."

"நிறையவே இருந்துச்சுங்க."

"மேரின்னு எழுதிக்கறேன். இல்லேன்னா கிளம்பு."

பின்னால் நின்ற தோழி லுவீனியா முதுகில் இடித்தாள். "எழுதிட்டுப் போறான் விடுடி! இந்த ஓட்டுக்காக நம்மாளுங்க எவ்வளவு அடி வாங்குனாங்க. பேரா பெருசு?"

தலையாட்டினால் போதும், ஓட்டு கையில். மிஸ் தலையாட்டவில்லை.

"மேரி ஓட்டுப் போட்டுட்டா, நான் எப்பப் போடறது லுவீனியா?" என்றவள், குமாஸ்தாவிடம் திரும்பினாள். "நான் இங்கயே நிக்கிறேங்க."

"அடுத்த ஆளு!" என்று கத்தினார் அவர்.

லுவீனியா மிஸ்ஸை முறைத்தாள். பெருமூச்சு விட்டாள். ஆனால் நகரவில்லை. "மிஸ் முடிக்கட்டுங்க."

"ஆமாங்க, மிஸ்ஸுக்கு அப்புறந்தான் நாங்க" என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற தச்சர். வாசல்வரை மிஸ், மிஸ் என்று பேச்சு ஓடியது. பதிவு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க வாஷிங்டனிலிருந்து வந்து மூலையில் உட்கார்ந்திருந்த அதிகாரி, என்ன விஷயம் என்று எழுந்து வந்தார். அவரைப் பார்த்ததும் குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு 'மிஸ்' என்றே எழுதினார்.

அடுத்து உறுதிமொழி. குமாஸ்தா வாசிக்க, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மிஸ் கிரைம்ஸ் ஆகிய நான்..." என்று முணுமுணுத்தார்.

மிஸ்ஸின் காதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கையைக் காதோரம் குவித்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."