மெதோருக்குத் தெரிந்த பிரெஞ்சு

இன்று காலை கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தெருநாயிடம் "அஸி" என்றார். பிரெஞ்சில் அதற்கு உட்கார் என்று அர்த்தம். நாய் அசையவில்லை. எனக்குத்தான் முழங்கால் மடங்கப் பார்த்தது.

கருவடிக்குப்பத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவின் ஷூ பாலிஷ் வாசனைக்கும், அம்மா கிணற்றடியில் மீன் உரசும் சத்தத்துக்கும் நடுவே நாங்கள் தமிழில்தான் சண்டை போட்டோம், தமிழில்தான் ஜெபம் சொன்னோம். பிரெஞ்சு எங்கள் நாய் மெதோருக்கு மட்டும், உட்கார 'அஸி', படுக்க 'கூஷே' என்று, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஆள் மாற்றி ஆள்.

அம்மாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுப் போனபோது, வீட்டில் பிரெஞ்சு பேசுவீர்களா என்று அதிகாரி கேட்டார். தினமும் பேசுவோம் என்றார் அப்பா. வெளியே வந்ததும் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பொய் என்னா பொய்? மெதோர்கிட்ட தெனம் பேசறோம்ல."

குடியுரிமை கிடைத்தது. பிறகு அக்கா கல்யாணமாகிப் பாரீசுக்குப் போய்விட்டாள்.

கடற்கரையில் நடந்ததைச் சொல்ல இன்று மதியம் அவளை வீடியோவில் அழைத்தேன். பின்னால் சோபாவில் அவள் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தார்கள், நடுவில் அவர்கள் வீட்டு நாய். அக்கா திரும்பி அதட்டினாள்.

"டேய், எறங்குடா கீழ."

பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாய் இறங்கியது.