பதினோரு விநாடி விசில்

ஆஸ்பத்திரி முழுக்க அவரை ஒயர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூளைப் பரிசோதனை அறையில், வருகிறவர்கள் தலையில் பசை தடவி இருபத்தொரு ஒயர் ஒட்டுவது அவர் வேலை. பக்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் நான். ஆராய்ச்சிக்காகப் பாட்டும் போடுவோம். எதிர்பாராத ஸ்வரம் வந்தால் திரையில் கோடு துள்ளும். கேட்டுப் பழகிவிட்டால் துள்ளல் அடங்கிவிடும்.

"மூளைக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு திமிரு. அடுத்தது என்னன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கும். தப்பாப்போனாத்தான் முழிச்சுக்கும்" என்பார் அக்கா. டாக்டர்கள் அரைமணி நேரம் சுற்றி வளைத்துச் சொல்வதும் இதைத்தான்.

அவர் கணவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது விசிலடிப்பார். தினமும் அதே மெட்டு. ஆனால் எங்காவது ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தை மாற்றிவிடுவார். இன்றைக்கு எங்கே என்று அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுப்பாராம். கடைசியில் கதவில் இரண்டு தட்டு. கல்யாணமான நாளிலிருந்து இந்த விளையாட்டு.

போன வருஷம் மாரடைப்பில் கணவர் போய்விட்டார். மிச்சம், அக்கா என்றோ ஒளிந்து நின்று போனில் பதிவு செய்த பதினோரு விநாடி விசில். கதவைத் தட்டுவதற்குள் பதிவு நின்றுவிடும். அதையே தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு மதியம், ஆள் வராத நேரத்தில், என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒட்டு. அவர் மாத்துற இடத்துல இன்னும் துள்ளுதான்னு பாக்கணும்."

"எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?"

"துள்ளலன்னா எனக்குள்ளயும் செத்துட்டார்னு அர்த்தம். தெரிஞ்சுக்கணும்."

நடுவில் சில விநாடி இடைவெளி விட்டு அறுபது தடவை போட்டேன். ஒரு தடவையை மட்டும் பார்த்தால் கோடு வெறும் கிறுக்கல். அத்தனைக்கும் சராசரி எடுத்தால்தான் விஷயம் தெரியும். மாற்றிய ஸ்வரத்தில் கோடு அசையவே இல்லை. ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவருக்கே திரையைப் படிக்கத் தெரியுமே.

"சரி. போயிட்டார்" என்றார். அழவில்லை.

திரையை மூடப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். விசில் முடிந்த பிறகு, ஒன்றுமே இல்லாத இடத்தில், கோடு துள்ளியிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு துள்ளல்.

"அக்கா, இங்க சத்தமே கிடையாதே?"

அக்கா திரையில் விரல் வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். தலையில் ஒயர்களோடு மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.