மூப்புப் பட்டியலில் எனக்குக் கீழே இருந்தவர்

கடந்த செவ்வாய் முற்பகல் பலாலியில் விமானத்தை இறக்கி, கடைசிப் பயணியும் படியால் போன பிறகு கைத்தொலைபேசியைத் திறந்தேன். தலைமன்னாரிலிருந்து அருள் ஐந்து தரம் அழைத்திருந்தார். திருப்பி எடுத்ததும், "அண்ணன் போயிட்டார்" என்றார். மாலைதீவில், வேலைக்குப் புறப்பட உடுத்திக்கொண்டிருந்த நேரம் மாரடைப்பு. அருளின் அண்ணன் ஜெயசீலன் என் சிறுவயதுக் கூட்டாளி. ஒரே ஊர், ஒரே தொழில். நான் அப்போதும் கப்டனின் கதிரையில்தான் இருந்தேன். அந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டியவர் அவர். அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைமன்னாரில் கடற்றொழில் குடும்பம். அவருடைய அம்மா எனக்கு ஞானத்தாய். ஆனியில் பிறந்த தன் மகனை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஐப்பசியில் பிறந்த என்னை ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத்துக்குக் கோயிலில் நின்றவர். பிறகு வந்த இடப்பெயர்வில் எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போயின. இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, வீணான வருடத்தை ஈடுகட்ட என் ஐயா பள்ளிக்கூடத்தில் என் பிறந்த மாதத்தை அதே வருடத்துத் தை என்று முன்தள்ளிக் கொடுத்துவிட்டார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பின்னால் எடுத்த உத்தேச வயதுச் சான்றிதழும் அதையே சொன்னது. இதில் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

இரத்மலானையில் பறக்கப் படித்து, ஒரு சிறிய உள்நாட்டு விமான நிறுவனத்தில் இருவரும் ஒரே நாளில் துணை விமானிகளாகச் சேர்ந்தோம். அங்கே சேவை மூப்புப் பட்டியல்தான் எல்லாம். யார் கப்டன் ஆவது, யார் எந்தத் தளத்தில் இருப்பது, ஆட்குறைப்பு வந்தால் யார் வீட்டுக்குப் போவது எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கும். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயது கூடியவர் முன்னுக்கு. பட்டியலை ஒட்டியபோது என் பெயர் ஏழாவது, அவருடையது எட்டாவது. பார்த்துவிட்டு, "வணக்கம் அண்ணை" என்று என்னைக் கும்பிட்டார். வயிறு நோகச் சிரித்தோம். அன்றைக்கே நிறுவனக் கந்தோருக்குப் போய்த் திருத்தச் சொல்லியிருக்கலாம். பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

நல்ல விமானி. அதைவிட நல்ல மனிதர். அப்போது எங்களிடம் இருந்தவை பன்னிரண்டு பேர் ஏறும் சின்ன விமானங்கள். ஏறுமுன் பயணிகளை நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். தராசுப் பையன்கள் கிலோவை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூவுவார்கள். பெண்கள் கூனிக் குறுகி நிற்பார்கள். ஜெயசீலன் இருக்கும் நாட்களில் அந்தச் சத்தம் இராது. தானே வந்து நின்று, எடையை வாய்க்குள் வாசித்து, தாளில் எழுதிக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு எதற்கு என்றார்.

சில வருடங்களில் நிறுவனம் ஐம்பது பேர் ஏறும் விமானங்களை வாங்கியது. ஒன்று பலாலித் தளத்துக்கு. எங்கள் இருவருக்கும் எட்டக்கூடிய கப்டன் பதவி அந்த ஒன்றுதான். அவருடைய அம்மா அப்போது பாரிசவாதத்தில் விழுந்திருந்தார். அந்தப் பதவிக்கு விருப்பப் படிவம் கொடுக்க வேண்டிய வாரத்தில் ஜெயசீலன் என் அறைக்கு வந்தார்.

"அம்மா பாயோட கிடக்கிறா. பலாலி எண்டா ஓய்வு நாளில ஓடிப்போய்ப் பாத்திட்டு வரலாம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "முறை ஆருக்கு எண்டு உமக்கும் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியும். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் நான் பிறந்தது ஐப்பசி என்று இருக்கிறது. நாலு வரிக் கடிதம் ஒன்று போதும். ஆனால் தோளில் கப்டனுக்குரிய நான்காவது பொன்வரி ஏறப்போகிறது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"பட்டியலில இருக்கிறபடி நடக்கட்டும்," என்றேன்.

"ஓம், அப்பிடியே செய்யும்," என்றார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அவர் நினைத்திருந்தால் அம்மாவைச் சாட்சிக்கு வைத்திருக்கலாம், பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. பலாலி எனக்குக் கிடைத்தது. ஒரு வருடத்துக்குள் சின்ன விமானங்கள் விற்கப்பட்டன. எட்டாவது பெயரிலிருந்து கீழே இருந்தவர்கள் எல்லோரும் நிறுத்தப்பட்டார்கள். ஜெயசீலன் மாலைதீவுக்குப் போய், நீரில் இறங்கும் விமானத்தில் மறுபடியும் துணை விமானியாக, இன்னொரு பட்டியலின் அடியிலிருந்து தொடங்கினார். சாகும்வரை துணை விமானிதான்.

அவருடைய அம்மா காலமானபோது விடுமுறை கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பலாலியிலிருந்து நான் நேரத்தோடு போய், ஞானமகன் என்ற உரிமையில் பெட்டியைத் தூக்கினேன். ஜெயசீலன் வந்திறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர இடத்தில நீர் நிண்டீராம். சந்தோசம்," என்றார். குத்திப் பேசுகிற ஆள் இல்லை அவர். மனதார நன்றிதான் சொன்னார். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

வெள்ளிக்கிழமை தலைமன்னார் சேமக்காலையில் குடும்பத்தார் கல்லறைக் குழியில் மண் போட்டு முடித்தார்கள். அடுத்து அவருடன் வேலை செய்தவர்களின் முறை. யார் முதலில் என்று விமானிகள் நாங்கள் தயங்கி நிற்க, அருள் வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்கள்தானே மூத்தவர். முன்னுக்கு வாங்கோ அண்ணை."

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

"நான் மூத்தவனில்லை," என்றேன். "இவர்தான் மூத்தவர். நாலு மாதம்."

சத்தமாகத்தான் சொன்னேன். நின்றவர்கள் மரியாதையோடு தலையசைத்தார்கள். இவ்வளவு பெரிய கப்டனுக்கு எவ்வளவு பணிவு என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. அருளின் கை என்னை மெல்ல முன்னுக்குத் தள்ளியது. நான் போனேன். முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன்.

ஆகவே இதை எழுத்தில் தருகிறேன். அவர் ஆனி, நான் ஐப்பசி. ஏழாவது இடமும் பலாலியும் ஜெயசீலனுடையவை. இதன் பிரதி ஒன்றை நிறுவனத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

போய்வாரும், கப்டன்.