நாலு மாதத்துச் சேவு

"பொட்டலம் கட்டுறதுக்கு எதுக்குத்தா காலேஜு? உங்கப்பா கடையில நின்னா ஒரு வாரத்துல படிஞ்சிரும்."

பாளையம்பட்டி அத்தை என்னிடம் இதைக் கேட்காத விசேஷ வீடே கிடையாது. பேக்கேஜிங் டெக்னாலஜி என்றால் என்னவென்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. பிஸ்கட் நொறுங்காமல் ஊர் போய்ச் சேர்வதும், மாத்திரையில் ஈரம் ஏறாமல் இருப்பதும் யாரோ மண்டையைக் குடைந்துகொண்டதால்தான் என்பேன். மருந்துக் கம்பெனி, அட்டைப்பெட்டி ஆலை, ஏற்றுமதி என்று வேலைக்குப் போகிற இடங்களைச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, கவர் பிசினஸு" என்று முடித்துவிடுவார்.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் சேவுக் கடை. பழைய சரக்கை விற்றதே இல்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நான் அவருடைய சேவையே எடுத்துக்கொண்டேன். அலுமினியப் பூச்சுக் கவரில் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பி ஒட்டினால், எங்கள் ஊர் வெயிலில் அது நாலு மாதம் நமத்துப்போகாமல், சிக்கு வாடை அடிக்காமல் இருக்குமா? சூட்டுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை, எங்கள் மாடி அறையே போதும். வைகாசியில் அங்கிருந்த அலமாரியில் பாக்கெட்டுகளை அடுக்கினேன். மாதாமாதம் சிலவற்றைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கடைசித் தவணைதான் முக்கியம். அந்த முடிவைக் காட்டினால் வேலை தருவதாகச் சென்னையில் ஒரு தின்பண்டக் கம்பெனி சொல்லியிருந்தது. யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நன்றாகத்தான் தலையாட்டினாள்.

ஆயுத பூஜைக்கு முன்னால் எங்கள் வீடு, கடை, கிடங்கு எல்லாவற்றையும் கழுவிவிடுவார்கள். பழைய பலகாரம் ஒரு துண்டுகூட உள்ளே இருக்கக்கூடாது. இது எனக்குத் தெரியாததா? ஆனால் ப்ராஜெக்ட் பாக்கெட்டும் அந்தக் கணக்கில் வரும் என்று தோன்றவில்லை. பூஜையன்று ஊருக்கு வந்து பார்த்தால் அலமாரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

"அதையா? பக்கத்துத் தறிக்காரக வீட்ல கோழிக்குப் போடச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. "பூஜ அன்னைக்கு நாலு மாசத்துச் சேவு வீட்ல கெடந்தா அப்பா என்ன சொல்லுவாக?"

கத்தினேன். நல்ல நாளும் அதுவுமாக ஏன் கத்துகிறாய் என்று அதற்கும் திட்டு விழுந்தது. ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் கடையில் பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தறிக்காரர் வந்தார். "அண்ணாச்சி, கோழிக்குன்னு குடுத்தாக. பிரிச்சா, காலையில போட்டது மாதிரி மணக்குது. நாங்களே தின்னுட்டோம். கோழிக்கு ஒண்ணும் மிஞ்சல."

அப்பா பொரித்தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது வைகாசியில வச்சதுதானா?"

"ஆமாப்பா."

"அப்பப் பழசு எது, புதுசு எதுன்னு வாங்குறவுகளுக்கு எப்பிடித்தா தெரியும்?"

"கவர்ல தேதி இருக்கும்."

"அந்தத் தேதிய அடிக்கிறதும் கடக்காரன்தான?"

கல்லூரியில் பேராசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டில் தின்று பார்த்தார்கள் என்பதை அறிக்கையில் எழுத முடியாது, முதலிலிருந்து செய்யுங்கள் என்று முடித்தார். கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை. என் வகுப்பில் இன்னொருவரை எடுத்துக்கொண்டது.

திரும்ப வந்து அப்பாவிடம் புதிதாகச் சேவு கேட்டேன். தர முடியாது என்றுவிட்டார். கெஞ்சியும் பார்த்துவிட்டேன், சண்டையும் போட்டுவிட்டேன். அந்தப் பாக்கெட்டுகள் கெட்டுப்போயிருந்தால் ஒருவேளை தந்திருப்பார்.