கிராசிங்குக்கு நிற்கும் வண்டி

ராயக்கோட்டையைத் தாண்டி ஓசூர் போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. ஒரு பக்கம் தக்காளித் தோட்டம், மறுபக்கம் பாறைக் குன்று. அதற்கான ஊர் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒற்றைத் தண்டவாளம் அங்கே இரண்டாகப் பிரியும். காலையில் ஓசூர் போகும் பாசஞ்சரும் ஓசூரிலிருந்து வரும் பாசஞ்சரும் அங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். கல்யாணமான புதிதில் எங்கள் குடித்தனம் நடந்ததே அந்தச் சில நிமிஷத்தில்தான்.

அவருக்கு ஓசூரில் நைட் ஷிப்ட். எனக்கும் ஓசூரில்தான் வேலை, வேறொரு கம்பெனியில், பகல் ஷிப்ட். வீடு பாலக்கோட்டில். காலையில் நான் போகும்போது அவர் திரும்பி வருவார். சாயங்காலம் நான் வீடு சேர்வதற்குள் அவர் பஸ் ஏறியிருப்பார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

வண்டிகள் எதிரெதிரே வருவதால் நான் முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் ஏற வேண்டும், அவர் பின்னாலிருந்து மூன்றாவதில். அப்போதுதான் எங்கள் ஜன்னல்கள் நேராக வரும். இதைக் கண்டுபிடிக்கும்வரை அவர் யாரோ ஒரு அம்மாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஸ்டேஷன் நெருங்கும்போது ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து எனக்கு இடம் கொடுப்பார்கள். எதிர் வண்டியில் அவருக்கும் அப்படியே. இடம் கொடுத்தவர்கள் காதை மூடிக்கொள்வார்களா என்றால் அதுதான் இல்லை. ஒருநாள் நான், "கடலைப்பருப்பு தீந்துபோச்சு" என்றேன். பின்னாலிருந்த தெலுங்குக்கார அக்கா, "அதெல்லாம் அவுரு வாங்கினு வருவாரு, வேற எதுனா பேசு பாப்பா" என்று அதட்டினார். மானமே போனது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சண்டையும் அங்கேதான். நான் கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அவர் பதிலுக்காக மறுநாள் காலைவரை கொதித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு நான்தான் அவரை நச்சரித்து, அவர் கம்பெனியில் கெஞ்ச வைத்து, பகல் ஷிப்டுக்கு மாற்றினேன். ஒரே வண்டியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு போகப்போகிறோம். முதல் நாள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டேன். ராயக்கோட்டை வருவதற்குள் அவர் தூங்கிப்போனார். மறுநாளும் அப்படியே. விழித்திருந்தால் போனில் வீடியோ பார்ப்பார். வீட்டிலும் அதே கதைதான். பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த ஸ்டேஷனில் நிற்கும்போதுதான் தாங்க முடியாது. எதிர் வண்டி ஜன்னல்களில் முகம் முகமாக இருக்கும். என்னைத் தேடுகிற முகம் அதில் ஒன்றுகூட இல்லை. அந்த முகம் என் தோளில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

போன மாதம் ஒருநாள் வண்டி அங்கே நின்றதும் அவரை உலுக்கி எழுப்பினேன்.

"எறங்குங்க."

"ஓசூர் வந்துருச்சா?"

"எறங்குங்கன்னா எறங்குங்க."

தூக்கக் கலக்கத்தில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். எதிர் வண்டி போனது. எங்கள் வண்டியும் போனது. தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"ஏம்மே, உனுக்கு என்னா ஆச்சு? ஷிப்ட் என்னாவறது? அடுத்த வண்டி சாயங்காலந்தான்!"

அவர் என்னைப் பார்த்துக் கத்தியே வெகுநாள் ஆகியிருந்தது. முகத்தை நேராகப் பார்த்தேன். காதோரம் நரை விழுந்திருக்கிறது. எப்போது விழுந்ததோ.

கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் எந்த வண்டியும் நகராது. பேசுங்க."