பம்பரில் நாலு பொட்டு

ஈரத்துணியைப் பிழிந்து உதறிவிட்டு வண்டியின் பின்பக்கம் குந்துகிறார் உண்ணாமலை. பம்பரில் ஒரு ரூபாய் நாணய அளவில் நான்கு கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூசியை நகத்தால் சுரண்டி எடுக்கிறார். அப்புறம் எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு இறங்கி வந்து பம்பரை நோக்கி நடக்கிறார். உள்ளே பீப் என்கிறது. நெருங்க நெருங்க அந்தச் சத்தம் அவசரப்படுகிறது. ஒரு முழத்துக்குள் வந்ததும் மூச்சு விடாமல் அலறுகிறது. அலறினால்தான் அன்றைக்குச் சவாரி.

"பல்லு வெளக்காமகூட டீ குடிச்சிடுவேன் சார். இதப் பண்ணாம வண்டி எடுக்கமாட்டேன்" என்பார்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் பதினொரு வண்டிகள். ஓட்டுவது பத்து ஆண்களும் உண்ணாமலையும். வயது நாற்பத்திரண்டு. கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் டிராக்டரில் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவர். புடவைமேல் காக்கிச் சட்டை, சட்டைப்பையில் ஏலக்காய். குறுக்கே நிற்கும் மாட்டுக்கு ஹாரன் அடிக்கமாட்டார். கண்ணாடியை இறக்கி, "இன்னா மேடம், மீட்டிங்கா?" என்று கேட்பார். மாடும் பெரும்பாலும் நகர்ந்துவிடும். என் அம்மாவை மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது இவர்தான், அதனால் இவருடைய வாயும் வண்டியும் எனக்கு அத்துப்படி.

அந்த நான்கு வட்டங்களும் சென்சார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், 2006இல், செங்கம் சாலையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் காசிம் பம்பரில் ஓட்டை போட்டு மாட்டியவை. இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்ட உண்ணாமலைக்கு அவர் சொன்ன விளக்கத்தை நானே கேட்டிருக்கிறேன்: "கெணத்துல ஓய்னு கத்துனா ஓய்னு திரும்பி வருதில்லக்கா, அதான். இது கத்தறது நம்ம காதுக்கு விழாது. சீக்கிரம் திரும்பி வந்தா பின்னாடி எதுவோ கிட்ட இருக்குன்னு அர்த்தம். ஆனா இதுக்குக் காது மட்டும்தான், கண்ணு கெடையாது. மெல்லிசு கம்பி நின்னா தெரியாது. பஞ்சு மூட்ட இருந்தா சத்தத்த முழுங்கிடும். கண்ணாடியையும் பாத்துக்கோ."

ஸ்டாண்டில் இதைக் கேலி செய்யாதவர் இல்லை. "பொம்பளைக்கு பீப் வேணும், ஆம்பளைக்குக் கண்ணாடி போதும்" என்று ஒருநாள் ஊரைக் கூட்டிச் சொன்னார் சக டிரைவர் இருசப்பன். உண்ணாமலை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "எனக்கு முதுகுல கண்ணு இல்ல. உனக்கு இருந்தா சட்டையக் கழட்டிக் காட்டு." இருசப்பன் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆசிரமத்துக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர், தன் ஊர்க் காரின் மூக்கில் ரேடார் இருப்பதாகவும், முன்னால் போகிற வண்டி வேகத்தைக் குறைத்தால் தன் காரும் தானாகக் குறைத்துக்கொள்ளும் என்றும் பெருமையடித்தார். நான்தான் மொழிபெயர்த்தேன். உண்ணாமலை மிரளவில்லை. "அந்த ஊர்ல அது மேல யாரும் பொட்டு வெக்கமாட்டாங்க, அதான் ஒழுங்கா வேல செய்யுது" என்றார். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பொட்டு விவகாரம் சிரிப்பாகத்தான் தொடங்கியது. வண்டிகளின் சொந்தக்காரர் இராமலிங்கம் பக்திமான். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுச் சாமிக்குப் படைத்த சந்தனத்தை எல்லா வண்டிகளுக்கும் வைப்பார். பதினைந்து வருடமாக ஒரு விபத்தும் இல்லாததற்கு அந்தச் சந்தனமே காரணம் என்பது அவர் கணக்கு. பம்பரில் அளவெடுத்ததுபோல் நான்கு வட்டம் இருந்தால் அவர் விரல் சும்மா இருக்குமா? என் விரலே சும்மா இருந்திருக்காது.

போன வருட ஆயுத பூஜையில் நான்கிலும் கனமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். மறுநாள் காலை ஒரு லாட்ஜ் சந்தில் உண்ணாமலை பின்னால் எடுத்தார். பீப் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் பின்னால் ஒன்றுமில்லை என்று நம்பினார். நசுங்கியது ஒரு தூக்குச்சட்டி. அதற்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடிக்கு எட்டாத தாழ்வில், கிரிவலம் முடித்த அலுப்பில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். சந்தனம் காய்ந்து ஓடாகி வட்டங்களின் வாயை அடைத்திருந்தது.

"தப்பு என்னுதுதான் சார். எறங்கிப் பாத்திருக்கணும். ஆனா அத ஊமையாக்கினது யாரு?" இதை அவர் கிண்டல் கலக்காமல் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தினமும் காலையில் இந்தத் துடைப்பும் சோதனையும் அன்றுமுதல்தான். வெள்ளிக்கிழமைப் பொட்டும் அதன்பிறகு தெருமுனைவரைதான் தாங்கியது. இருசப்பன் போட்டுக்கொடுத்தார். முதலாளி கொதித்துப்போனார். "சாமி பொட்டையா அழிக்கிற? வர்ற ஆயுத பூஜை பொட்டுல கை வெச்சே, சாவியக் குடுத்துட்டுப் போயினே இரு."

வேறு எந்த ஸ்டாண்டும் ஒரு பெண்ணிடம் சாவியைக் கொடுக்காது. இது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். கொஞ்சம் தணிந்து போகலாமே என்று நானும் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிப் பார்த்தேன். "உங்க அம்மாவ இந்த வண்டியிலதான சார் ஏத்தறீங்க?" என்றார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு நானும் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். வண்டிகளுக்கு வாழைக்கன்றும் மாலையும் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இராமலிங்கம் தட்டோடு வரிசையாக வந்தார். அவர் கண்ணாடிக்கும் முன்பக்கத்துக்கும் பொட்டு வைத்தபோது உண்ணாமலை கைகூப்பிக் கும்பிட்டார். பின்பக்கம் வந்ததும் இடுப்பிலிருந்த சாவியை உருவிச் சந்தனத் தட்டில் வைத்தார். குந்தி உட்கார்ந்து முதல் வட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"கையெடு."

"எடுக்கமாட்டேன் மொதலாளி."

"உண்ணாமல, நல்ல நாளு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சாமிக்கே நெத்தியிலதான் பொட்டு வெக்கறோம். காதுல வெச்சா அடைக்கறோம்? சாவி தட்டுல இருக்குது. எடுத்துக்குங்க. கைய மட்டும் எடுக்கமாட்டேன்."

பத்து டிரைவர்களும் பம்பரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தட்டில் கற்பூரம் கரைந்துகொண்டிருந்தது. முதலாளியின் விரல் நுனியில் எடுத்த சந்தனம் காய ஆரம்பித்திருந்தது. எடுத்த சந்தனத்தைத் திரும்பக் கிண்ணத்தில் போடும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. அவர் ஒருமுறை எங்களைப் பார்த்தார், ஒருமுறை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, உண்ணாமலையின் புறங்கையில் பொட்டு வைத்தார்.

உண்ணாமலை இரண்டாவது வட்டத்துக்கு நகர்ந்து அதையும் அதே கையால் மூடினார். இன்னொரு பொட்டு. மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதும் விழுந்த பிறகு எழுந்து, சந்தனம் அழியாமல் விரல் நுனியால் தட்டிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார்.